சாம்பல் வீரனின் தங்கச்சி

பயந்துட்டீங்களா அக்கா? பயப்படாதீங்க, என் பொண்ணுதான். முகமூடியைக் கழட்டு கனி, பெரியம்மா மூஞ்சிக்கு நேரா கொண்டுபோய் நீட்டிக்கிட்டு! நாலரை வயசு. கனிஷ்கா பேரு. குளிக்கும்போது மட்டும்தான் இதைக் கழட்டுவாள், அதுவும் அழுதுகொண்டே. சாம்பல் வீரன் முகமூடி. டிவியில் பார்த்திருப்பீங்களே, சாயங்காலம் ஆறு மணிக்கு? வெள்ளி நிறத்தில் சட்டை, முதுகில் நெருப்பு மாதிரி பறக்கிற துணி, நெஞ்சில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் முகமூடி தானாக வந்து மூடிக்கொள்ளும். பார்த்ததே இல்லையா? கொடுத்து வைத்தவங்க நீங்க. எங்கள் வீட்டில் இவளுக்குச் சோறு ஊட்டுவது அவன், பல் தேய்க்க வைப்பது அவன், தூங்க வைப்பது அவன். நான் சும்மா சமைத்துப் போடுகிற ஆள்.

துறையூர் வரைக்குமா போறீங்க? நல்லதாப் போச்சு, நானும் துறையூர்தான். இந்தப் பையை உங்கள் பக்கம் ஜன்னலோரமா வைக்கட்டுமா? உள்ளே ஒரு புத்தகம் இருக்கு, மடங்கிவிடக் கூடாது.

கல்யாணத்துக்குத்தான் போகிறோம். எங்க அண்ணன் கல்யாணம். நாளை மறுநாள் காலையில் ஆறரைக்கு முகூர்த்தம். ஆமாம், கூடப் பிறந்த அண்ணன்தான், பெரியப்பா மகன் சித்தப்பா மகன் எல்லாம் இல்லை. பார்க்கிறீங்க பாருங்க! கூடப் பிறந்தவள் பத்து நாள் முன்னாடியே போய் மாவிடிக்க, வடகம் போட நிற்காமல், இப்போது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாளே என்றுதானே? கேளுங்க அக்கா, கேட்டால் தப்பில்லை. எங்க தெருவே கேட்டாகிவிட்டது.

எனக்குப் பத்திரிகையே தபாலில்தான் வந்தது. சிரிக்காதீங்க. கூடப் பிறந்தவளுக்குத் தபாலில் பத்திரிகை! மஞ்சள் தடவின நாலு மூலையும் சரியா இருந்தது, விலாசமும் சரியா இருந்தது. அவன் கையெழுத்து. எங்க அண்ணன் பூபதி எழுத்து முத்து முத்தா இருக்கும். 'திருமதி வெண்ணிலா சுரேந்தர், உறையூர்' என்று எழுதியிருந்தான். பாப்பா என்று கூப்பிடுகிறவன் அக்கா, திருமதி போட்டிருக்கிறான்.

சரி, போகட்டும் என்று விட்டேன். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் கிடையாது. அன்றைக்கே அம்மா போன் பண்ணினாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நிலா, நாத்தனார் முடிச்சுக்கு அவன் சித்தப்பா மக சுமதிகிட்ட சொல்லிட்டான்டி."

கேட்டீங்களா? மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால், மற்ற ரெண்டு முடிச்சும் அவனோட தங்கச்சிதானே போடணும்? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். சுமதி போடுவாளாம். அவளுக்கு ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாது அக்கா. பள்ளிக்கூடத்தில் நான்தான் கட்டிவிடுவேன்.

அதற்காகத்தான் போகிறேன். நேராகப் போய் அவன் முன்னால் நிற்கப் போகிறேன். என்ன பேசணும் என்று நேற்றே யோசித்து வைத்துவிட்டேன். முதலில் சிரிக்கணும். அப்புறம், 'ஆறு மாசமாச்சுண்ணா, போதும். என் பேரில் தப்பு இருந்தா மன்னிச்சுக்கோ, உன் பேரிலும் தப்பு இருக்கு.' அந்தக் கடைசி வரியை விடுவதா வேண்டாமா என்றுதான் டோல்கேட்டில் இருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்.

நான் என்ன தப்பு பண்ணினேன், நீங்களே சொல்லுங்க.

போன மாசி மாசம் இவளுக்குக் காது குத்தினோம். குலதெய்வம் கோயிலில் முடி எடுத்து, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. என் வீட்டுக்காரர் பட்டறையில் வேலை செய்கிறார், கிரில் கேட் எல்லாம் அடிப்பார். பெரிய வசதி இல்லை, ஆனாலும் ஒத்தைப் பொண்ணு, குறை வைக்கக் கூடாது என்று ஆசை. இப்போதெல்லாம் மண்டபத்தில் பொம்மை வேஷம் போட்டு வாசலில் ஆள் நிறுத்துகிறார்கள் இல்லையா? வருகிற பிள்ளைகளுக்குக் கை கொடுப்பார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள். இவர் போய் சாம்பல் வீரன் வேஷம் போடுகிற ஆளாகப் பார்த்துப் பிடித்து வந்துவிட்டார். கனிக்குத் தெரியாது. வாசலில் அவரைப் பார்த்ததும் ஒரு கத்து கத்தினாள் பாருங்க, நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்!

அண்ணன் சீர் கொண்டுவந்தான். குறை சொல்லக் கூடாது, ஒன்பது தட்டு. பழம், வெல்லம், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, நடுத்தட்டில் கல்லு வைத்த தங்கத் தோடு. ஆளைப் பார்த்தால் வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். மேளம் கொட்டி அழைத்து வந்தோம். மணையைப் போட்டு, அவன் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இவள் கிட்டே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா மேல மருந்து நாத்தம் அடிக்குது."

எங்க அண்ணன் துறையூரில் மோட்டார் காயில் கட்டுகிறவன் அக்கா. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பான். பதினாறு வயசில் அப்பா போனதில் இருந்து அந்த வேலை. அந்த வார்னிஷ் வாசனை தோலுக்குள் போய்விட்டது. அன்றைக்குக் காலையில் சீயக்காய் போட்டு மூன்று தடவை குளித்தானாம், அம்மா அப்புறம் சொன்னாள். எனக்கென்ன தெரியும்?

ஒரே அழுகை. கையைக் காலை உதைக்கிறாள். பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ராகுகாலம் வந்துடும்மா, சீக்கிரம்" என்கிறார். மாமியார் முறைக்கிறாங்க. இவள் திமிறிக்கொண்டு ஓடினாள், வாசலில் நின்ற சாம்பல் வீரன் காலைக் கட்டிக்கொண்டாள். அங்கேயே ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்து மடியில் போட்டால், அழுகை சட்டென்று நின்றது. அப்படி நின்றது! என் வீட்டுக்காரர்தான் சொன்னார், "அப்படியே குத்திடுங்க பத்தரே, நேரம் போகுது." நானும் சரி என்றேன். குத்தியாச்சு. ரெண்டு காதும். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

மண்டபமே சிரித்தது அக்கா. கை தட்டினார்கள். நான்தான் ரொம்பச் சிரித்தேன், வயிறு வலித்தது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். மேலே ஒரு வரியும் எழுதினேன், 'எங்க வீட்டுப் புதுத் தாய்மாமா' என்று. வேடிக்கைக்குத்தான். எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா?

அண்ணன் மணையிலேயே உட்கார்ந்திருந்தான். யாரோ எழுப்பின பிறகுதான் எழுந்தான். சாப்பிட்டான், மொய் எழுதினான், "வர்றேன் மாப்ள" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் சொல்லவில்லை. அந்த வேஷக்காரர்கூட அப்புறம் தலையைக் கழட்டிவிட்டு, நாற்பது வயசுக்கு மேலே இருக்கும், வேர்த்து ஊற்றுகிறது, என்னிடம் வந்து, "தங்கச்சி, தாய்மாமன் எங்கன்னு நான் ரெண்டு வாட்டி கேட்டேன், யாரும் காதுல வாங்கல" என்றார். "அட, அதுக்கென்னண்ணே, பாயசம் சாப்பிட்டுப் போங்க" என்றேன்.

இப்போது சொல்லுங்க. குழந்தை அழுதால் நான் என்ன செய்வேன்? பிடித்து வைத்துக் குத்தச் சொல்கிறீங்களா? ஒரு சின்ன விஷயம். அதற்குப் போய் ஆறு மாசம் பேசாமல் இருந்தால்?

மண்ணச்சநல்லூரா? இன்னும் கூட்டம் ஏறும், கொஞ்சம் உள்ளே நகர்ந்துக்கோங்க. கனி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே. பறந்தெல்லாம் போக முடியாது, கை போயிடும்.

இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், சாம்பல் வீரன் யார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்க அண்ணன்தான். டிவியில் வருவதற்கு இருபது வருஷம் முன்னாடி. அப்போது அது காமிக்ஸ் புத்தகம். சாணித் தாள், கறுப்பு வெள்ளைப் படம், எங்கோ வெளிநாட்டுக் கதையைத் தமிழில் போடுவார்கள். அப்பா சந்தைக்குப் போனால் மாசம் ஒன்று வாங்கி வருவார். அண்ணன் படித்துவிட்டுத்தான் எனக்குத் தருவான், அதுவும் கையைக் கழுவிவிட்டு வரணும். ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தான், வேப்பிலை போட்டு, நம்பர் எழுதி.

அந்த சாம்பல் வீரன் வேற அக்கா. இவன் மாதிரி பறக்க மாட்டான். ஒரு கால் கொஞ்சம் நொண்டுவான். நெருப்பு அவனைச் சுடாது, அவ்வளவுதான் அவன் சக்தி. தீப்பிடித்த வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வருவான். முகத்தில் ஒரு பழைய சாம்பல் துணி. அந்தத் துணியை அவனுக்குக் கட்டிவிடுவது யார் என்று நினைக்கிறீங்க? அவன் தங்கச்சி. லீனா என்று பேரு. ஒவ்வொரு கதையிலும் நெருப்புக்குள்ளே போவதற்கு முன்னால் ஒரு படம் வரும். அவன் குனிந்து நிற்பான், லீனா பின்னால் நின்று முடிச்சுப் போடுவாள். 'இறுக்கமாக இருக்கிறதா?' 'இருக்கிறது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.' எல்லாக் கதையிலும் அதே ரெண்டு வரிதான்.

நாங்கள் அதை விளையாடுவோம். அம்மாவோட கிழிந்த ரவிக்கைத் துணி. அவன் முட்டி போட்டு உட்காருவான், எனக்கு எட்டாதே! நான் பின்னால் நின்று கட்டுவேன். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு முடியையும் சேர்த்துக் கட்டிவிடுவேன், அலறுவான்.

ஒரு தடவை, எனக்கு ஆறு வயசு இருக்கும், கப்பல் தீப்பிடிக்கிற கதை ஒன்று. அதில் லீனாவோட பாவாடைக்குப் பச்சைப் பென்சிலில் நிறம் அடித்துவிட்டேன். என் பாவாடை பச்சை, அதனால். அவன் பார்த்துவிட்டு ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அடிக்கவெல்லாம் இல்லை, பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தான். "மீதிப் பக்கத்துக்கும் அடிச்சுடு. பாதியில நிக்கக் கூடாது." புத்தகம் முழுக்க லீனாவுக்குப் பச்சைப் பாவாடை. அப்போது மட்டும் ரெண்டே நாள்தான் பாருங்க. இப்போது ஆறு மாசம்.

அவனுக்கு இந்த டிவிக்காரன் மேல் ஒரே கோபம். சினிமாவாகவும் வந்ததே, போன வருஷத்துக்கு முந்தின வருஷம். நாங்கள் மூன்று பேரும் அவனுமாக தியேட்டருக்குப் போனோம். எனக்குப் பிடித்தது, கனிக்குக் கேட்கவே வேண்டாம். நாற்காலி மேலே ஏறி நின்றுதான் பார்த்தாள். இடைவேளையில் அண்ணன் எழுந்து வெளியே போனவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறான்.

"என்னண்ணா?"

"லீனா எங்க?"

"எந்த லீனா?"

"படத்துல லீனாவே இல்ல பாப்பா. பொத்தான அமுக்குறான், முகமூடி தானா வருது. தங்கச்சி இல்லாம அவன் எப்படி நெருப்புக்குள்ள போவான்?"

பின்னாலேயே இவர் பாப்கார்னோடு வந்தவர் கேட்டுவிட்டார். "மச்சான், லீனாவுக்குக் கல்யாணம் ஆகி புருஷன் வீட்டுக்குப் போயிருக்கும். இனிமே நீங்களேதான் கட்டிக்கணும்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். முப்பது வயசு ஆளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா? அதைத்தான் அம்மாவிடமும் சொன்னேன். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளை பொம்மைப் புத்தகம் படிக்கிறான் என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்?

அதற்கேற்ற மாதிரி, சித்திரையில் நான் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவன் கடையை விட்டு வரவில்லை, தெரிந்தேதான் வரவில்லை. பரணைப் பார்த்தேன், தகரப் பெட்டியைக் காணோம். "பெட்டி எங்கம்மா?" "கரையான் அரிச்சிடுச்சுன்னு எடுத்துப் போட்டுட்டான்டி" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா என்று நினைத்தேன். கரையானாவது எங்களுக்கு ஒரு நல்லது பண்ணியதே என்று. அடுத்த மாசமே பாருங்க, பெண் அமைந்துவிட்டது!

ஆனால் அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், இல்லையா? அதை யோசித்துத்தான் இந்த ஏற்பாடு. சட்டை எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டான், மோதிரம் போட்டால் திருப்பிக் கொடுப்பான். கரையான் தின்ற புத்தகத்தில் ஒன்றாவது திரும்பக் கையில் கிடைத்தால் மனசு இளகாதா? என் வீட்டுக்காரரோட சிநேகிதர் ஒருத்தர் சொன்னார், திருச்சியில் பழைய புத்தகம் விற்கிற ஒருத்தரிடம் இதெல்லாம் கிடைக்கும் என்று. போன வாரம் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக அலைந்து கண்டுபிடித்தேன். பத்து ரூபாய்ப் புத்தகத்துக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டால் நீங்கள் பஸ்ஸை விட்டே இறங்கிவிடுவீங்க. டிவியில் வந்த பிறகு இதைச் சேர்க்கிறவர்கள் பெரிய பெரிய ஆளாம், பெங்களூரில் இருந்தெல்லாம் வருகிறார்களாம்.

"ஒண்ணே ஒண்ணுதான்மா மிச்சம். போன தை மாசம் ஒரு தம்பி தகரப் பெட்டியோட கொண்டாந்து குடுத்தாரு. எல்லாம் ஒரே வாரத்துல போயிடுச்சு. இதுல மட்டும் ஏதோ குழந்தை கலரடிச்சு வெச்சிருக்கு, அதான் எவனும் எடுக்கல."

"யாரு அவரு, எதுக்கு வித்தாரு?"

"பேரெல்லாம் கேக்கலம்மா. கையெல்லாம் வார்னிஷ் கறை. ஒவ்வொண்ணா எடுத்துத் துடைச்சுத் துடைச்சுக் குடுத்தாரு. இதை மட்டும் குடுக்க மனசில்லாம ரெண்டு வாட்டி திரும்ப வாங்கிப் பாத்துட்டு, அப்புறம் வெச்சுட்டுப் போனாரு."

யாரோ பெயிண்டர், பாவம். என்ன கஷ்டமோ! எல்லா வீட்டிலும் ஒரு குழந்தை கிறுக்கத்தான் செய்யும், பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன். பழுப்புத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார், பிரித்தால் மதிப்பு போய்விடும் என்றார். நான் இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவனே பிரிக்கட்டும்.

என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீங்க? தலை சுற்றுகிறதா? எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், தரட்டுமா? வேண்டாமா?

கம்மலைக் கேட்கிறீங்களா? இவள் காதில் இருப்பதா? இது பிளாஸ்டிக். சாம்பல் வீரனோட நெருப்புச் சின்னம், ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினது. அண்ணன் போட்ட தோடு வீட்டில் பீரோவில் இருக்கு. தங்கத்தைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியுமா? தொலைத்துவிட்டு வந்து நிற்பாள். இன்றைக்கு மாற்றலாம் என்றுதான் பார்த்தேன். இதைக் கழட்ட விடாமல் அழுதாள், பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

நல்ல தோடுதான். அவன் அவ்வளவு பெரிசாகப் போடுவான் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் காது குத்துக்கு முன்னாடி ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை. ஏரி குளமெல்லாம் நிறைந்து ஊரே சந்தோஷமாக இருந்தது. அம்மா மட்டும் போனில் புலம்புவாள். கிணறு நிறைந்தால் மோட்டார் எங்கே ஓடும்? மோட்டார் ஓடினால்தானே எரியும்? எரிந்தால்தானே இவனுக்கு வேலை? கடையை மூணு மாசம் சும்மா திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். "மாசியில வேண்டாம், ஆவணியில வெச்சுக்கலாம்டி" என்றுகூட அம்மா கேட்டாள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு, எப்படி மாற்றுவது? "அதெல்லாம் அண்ணன் பாத்துக்கும்" என்றேன். பார்த்துக்கொண்டானே! ஒன்பது தட்டு.

ஐயோ கனி! ஏய்! அதை எதுக்குடி எடுத்தே? பையைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா? பாருங்க அக்கா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்பினேன், உறையையும் தாளையும் பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டாள். கொடு இங்கே. கொடு. கிழிக்காதே, கிழிக்காதே.

கிழியவில்லை. நல்லவேளை.

கப்பல் கதை அக்கா. பாருங்க, அட்டையில் கப்பல். அதே கப்பல் கதைதான் வந்து மாட்டியிருக்கிறது, என்ன அதிசயம் பாருங்க! சின்ன வயசில் நான் சொன்னேன் இல்லையா...

பச்சை.

பச்சைப் பாவாடை அக்கா. இந்தப் பக்கத்திலும். இந்தப் பக்கத்திலும். இது என் பென்சில். கோட்டை விட்டு வெளியே போயிருக்கிறது பாருங்க, அதற்குத்தான் அவன்... இந்தப் பக்கத்தில் இருந்து கோட்டுக்குள்ளேயே இருக்கு. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நிறம் அடித்தான். மூன்றாம் நாள். பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து.

இது எங்கள் புத்தகம். கரையான் அரித்தது என்று அம்மா சொன்னாளே? ஓரம்கூட அரிக்கவில்லையே. வேப்பிலை ஒட்டிக்கொண்டு இருக்கிறது பாருங்க, காய்ந்து. எப்படி அக்கா இது அந்தக் கடைக்கு...

தை மாசம் என்றார் அந்த ஆள்.

மாசியில் காது குத்தினோம்.

இல்லை, ஒன்றும் இல்லை அக்கா. தண்ணீர் இருக்கிறது, வேண்டாம். தூசி விழுந்துவிட்டது.

உங்களுக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது, இல்லையா? அதுக்குத்தான் காதைப் பார்த்தீங்களா? சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்கு வந்ததில் இருந்து சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன். வார்னிஷ் கறை என்று என் வாயாலேயே சொன்னேன். பெயிண்டர் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள் எங்க அம்மா. அவளுக்கும் தெரியும்.

மணையிலேயே உட்கார்ந்திருந்தான் அக்கா. நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவில் ஓரத்தில் அவன் தெரிவான். ரெண்டு கையையும் நீட்டினபடியே இருப்பான். எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன், கனி சிரிப்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

என்னடி? எந்த அக்கா? இந்தப் படமா?

இது லீனா.

அவனோட தங்கச்சி. சாம்பல் வீரனோட தங்கச்சி. முடிச்சுப் போடுறா, பாரு.

ஆமா, டிவியில இல்ல. எடுத்துட்டாங்க.

ஏனா? ஏன் என்று கேட்கிறாள் அக்கா.

இது எந்த இடம்? திருவெள்ளறை தாண்டிவிட்டதா? அடுத்து புலிவலமா? கண்டக்டர் அண்ணே! புலிவலத்துல ஒரு ஆள் இறக்கம். ஆமா, துறையூருக்குத்தான் டிக்கெட், தெரியும்ணே. பரவாயில்ல, நிறுத்துங்க.

திரும்பப் போகிறேன் அக்கா. வீட்டுக்குப் போய் அந்தத் தோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். இந்தப் பிளாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு இவளைக் கூட்டிப்போய் அவன் முன்னால் நிறுத்த முடியாது. அழுதால் அழட்டும். பிடித்து உட்கார வைத்து நானே மாட்டுவேன். அப்புறம் கொண்டுபோய் அவன் மடியில் வைப்பேன். பேசணும் என்று வைத்திருந்தது ஒன்றும் இப்போது ஞாபகத்தில் இல்லை. முடிச்சைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. சுமதியே போடட்டும். கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவேன்.

புத்தகத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கொடுத்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதுதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். கொடுக்காமலும் எப்படி இருக்கிறது? அவனோடது இல்லையா? ரெண்டு வாட்டி திரும்ப வாங்கிப் பார்த்தானாமே.

இருங்கண்ணே, குழந்தை இருக்கு, இறங்குறோம். கனி, முகமூடியைப் பைக்குள்ள போடு. போடுன்னா போடு. புத்தகத்தை நான் வெச்சுக்கறேன்.

இந்தப் பக்கத்தில் நின்றால் திருச்சி பஸ் வரும் இல்லையா? எதிர்ப்பக்கமா? சரி. பதினொன்றரைக்கு ஏறினால் ஒரு மணிக்குள் வீடு, பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு மூணு மணிக்குள் திரும்ப ஏறிவிடுவேன். நாளை மறுநாள்தானே முகூர்த்தம், ஆறரைக்குத்தானே.

நேரம் இருக்கு, இல்ல அக்கா? சொல்லுங்க, இருக்குல்ல?